தூங்கா நகரத்தில் எடையைக் குறைப்பது எப்படி?

எடை குறைக்க என்ன சாப்பிடலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் செய்யப் போவதை அடுத்த சித்திரைத் திருவிழாவிலும் செய்ய முடியுமா? ஐந்து வருடம் கழித்தும்? முடியாது என்றால் அதை நாளைக்குத் தொடங்கவே வேண்டாம். மூன்று மாதம் சோற்றைத் தொடாமல் இருந்து பத்துக் கிலோ குறைத்துவிட்டு, அடுத்த மூன்று மாதத்தில் பன்னிரண்டு கிலோ ஏறிப்போனவர்கள் நம் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

ஆகவே இங்கே ஓட்ஸ், அவகாடோ பேச்சு இல்லை. மதுரையிலும் மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்திலும் கிடைக்கிற சாப்பாட்டை வைத்து, இங்கே இருக்கிற வெயிலிலும் தெருவிலும் என்ன செய்யலாம் என்று மட்டும் பார்ப்போம்.

எனக்கு உண்மையிலேயே எடை அதிகமா?

உங்கள் எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்துப் பாருங்கள். வருகிற எண்தான் உடல் நிறைக் குறியீடு (எடை உயரத்துக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று காட்டும் கணக்கு; டாக்டர்கள் பி.எம்.ஐ. என்பார்கள்). 165 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 25.

மேலைநாட்டு அட்டவணையில் 25 வரை கவலையில்லை. நமக்கு 23-ஐத் தாண்டினாலே எடை அதிகம். 25-ஐத் தொட்டால் உடற்பருமன். ஏன் இந்தப் பாரபட்சம்? புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டு இதை விளக்கினார்கள். இருவருக்கும் குறியீடு 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாகத் தெரிந்தாலும் நம் ஆட்களுக்கு உள்ளே கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றைச் சுற்றி.

அதனால் எடை மெஷினைவிட இன்ச் டேப் நம்பகமானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை விட்டபின் அளவெடுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ. (சுமார் 35½ அங்குலம்), பெண்களுக்கு 80 செ.மீ. (சுமார் 31½ அங்குலம்) எல்லை. “எனக்கு பேன்ட் சைஸ் 34தானே” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தொப்பைக்குக் கீழே பேன்ட் போடுகிறவருக்கு அந்த எண் எதையும் சொல்லாது.

தமிழ்நாட்டில் இப்படி எத்தனை பேர்? தேசிய குடும்ப நல ஆய்வின்படி குறியீடு 25 அல்லது அதற்கு மேல் உள்ள பெண்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-இலிருந்து 37 சதவீதம் ஆனார்கள். ஐந்தாறு வருடத்தில் இவ்வளவு கூடியிருக்கிறது என்றால், எல்லோரும் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே உங்களையே திட்டிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள்.

நம் தாத்தாக்களும் இதே சோற்றைத்தானே சாப்பிட்டார்கள்?

முழுக்க இதே சோறு இல்லை. முல்லைப்பெரியாறு அணைத் தண்ணீர் 1895-இல் இந்தப் பக்கம் வரத் தொடங்கியபின் மேலூர் வட்டாரம் நெல் விளையும் பூமியானது. அந்தத் தண்ணீர் எட்டாத மானாவாரி ஊர்களில் கம்பும் சோளமும் கேப்பையும்தான் நெடுநாள் அன்றாடச் சாப்பாடு. நெல்லுச்சோறு நல்ல நாளைக்கு. இன்று அரிசி எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. 2011 முதல் ரேஷனில் இலவசமாகவே கிடைக்கிறது. பசி போனது பெரிய நன்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாறாமல் போனது தட்டின் அளவு. நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவருக்குப் போட்ட சோற்றின் குவியல் அப்படியே இருக்கிறது, மண்வெட்டி போய்விட்டது. அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது, தண்ணீர் குழாயில் வருகிறது, முக்குக்கடைக்கும் டூவீலர். செலவு குறைந்தபின் வரவைக் குறைக்காவிட்டால் மிச்சம் இடுப்பில்தான் சேரும்.

அப்படியானால் சோற்றை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். குறைத்தால் போதும், ஆனால் குறைக்கிற இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாலை நாலு மணிக்குப் பசி உங்களை வடைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போகும்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கான மாதிரித் தட்டு இருக்கிறது. மொத்தம் 2,000 கலோரி (உணவு தரும் சக்தியின் அளவு). அதில் அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்துச் சமைக்காத எடையில் 250 கிராம். பருப்பு, பயறு 85 கிராம். கீரையும் காய்கறியும் 400 கிராம். பழம் 100 கிராம், பால் 300 மி.லி., கொட்டைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம்.

250 கிராம் என்பது இட்லி மாவு, மத்தியானச் சோறு, இரவுத் தோசை மூன்றுக்கும் சேர்த்து. நம் வீடுகளில் மத்தியானத்திலேயே அதில் பெரும்பகுதி முடிந்துவிடும். காய்கறியிலோ நேரெதிர்: 400 கிராமில் பாதியைத் தொடுகிற வீடுகூட அபூர்வம்.

ஓட்டல் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். இலையின் நடுவில் சோற்று மலை. மேல் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், ஒரு கரண்டி கூட்டு. சாம்பாருக்கு ஒரு தரம் சோறு, வத்தக்குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம். குழம்பு மாறமாற நாக்கு புதிதாகப் பசிக்கிறது. நான்கு தரம் சோறு போனதே தெரிவதில்லை.

இங்கே கை வைப்பதுதான் ஆக எளிது. சாம்பாருக்கோ குழம்புக்கோ ஒரே ஒரு தரம் சோறு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் வாங்கிக் குடியுங்கள். பொரியலை இரண்டாம் முறை கேளுங்கள். “அண்ணே, சோறு அரைதான். பொரியல் இன்னொரு தரம் வைங்க” என்றால் எந்த மெஸ்ஸிலும் முறைக்க மாட்டார்கள். “என்னண்ணே, உடம்பு சரியில்லையா?” என்று வேண்டுமானால் கேட்பார்கள்.

வீட்டில் இதையே இன்னும் சுலபமாகச் செய்யலாம். தட்டில் முதலில் காயை வையுங்கள், பாதித் தட்டுக்கு. அடுத்து பருப்பு, முட்டை, மீன், கறி, சுண்டல் இவற்றில் ஏதாவது கால் தட்டு. மிச்சமிருக்கும் கால் தட்டுக்குச் சோறு. போட்டபின் சட்டியைச் சாப்பிடுகிற இடத்தில் வைக்காமல் அடுப்படியிலேயே விட்டுவிடுங்கள். மறுசோறுக்கு எழுந்து போக வேண்டியிருந்தால் பாதி நாள் போக மாட்டீர்கள்.

பருப்பு, முட்டைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

அவற்றில் புரதம் (தசையை வளர்த்துக் காக்கும் சத்து) இருக்கிறது; அது பசியை நெடுநேரம் அடக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வொன்று 2025-இல் வெளியானது. இந்தியர்கள் தங்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று கண்டது. மொத்தக் கலோரியில் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பயறு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறையும் என்றும் சொன்னது.

5 சதவீதம் எவ்வளவு? 2,000 கலோரியில் 100. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து ஒரு கிண்ணம் தட்டப்பயறு சுண்டல் வைத்துக்கொள்வது கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மதுரையில் குறையே இல்லை. அயிரை மீன் குழம்பு, நாட்டுக்கோழி, முட்டை எல்லாமே நல்லது. கவனிக்க வேண்டியது கறியோடு வருகிற எண்ணெயை. குழம்புக் கறி பரவாயில்லை. பொரித்த கோலா உருண்டையும் எண்ணெய் மிதக்கிற சுக்காவும் வாரத்தில் ஒரு நாளைக்கு.

காய் விலை அதிகம் என்பீர்கள். சில மாதங்களில் உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-இல் திறக்கப்பட்டது நம் அண்ணா நகரில்தான். அங்கே எது மலிவோ அதை வாங்குங்கள். சுரைக்காய், பூசணி, முள்ளங்கி, வாழைத்தண்டு, கீரைக்கட்டு போதும். எடைக்கென்று தனியாக ப்ரோக்கோலி வாங்கத் தேவையில்லை.

இட்லி? சிறுதானியம்? கொள்ளு?

இட்லி நல்ல உணவு. நாலு இட்லியும் நிறையச் சாம்பாரும் யாரையும் குண்டாக்காது. எட்டு இட்லியும் கொட்டிய தேங்காய்ச் சட்னியும் மேலே நெய்ப்பொடியும் என்றால் கணக்கு வேறு.

குதிரைவாலி, சாமை, கம்பு, கேப்பை பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவிவிட்டது. எடைக்கு எடை அவற்றின் கலோரி அரிசியைவிடப் பெரிதாகக் குறைவில்லை. நார்ச்சத்து கூடுதல், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், அதனால் கொஞ்சமாகச் சாப்பிட முடியும். அதுதான் பலன். கேப்பைத் தோசையை ஆறு சாப்பிட்டால் ஆறு தோசை சாப்பிட்டதுதான்.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது பழமொழி. கொள்ளில் புரதமும் நாரும் உண்டு. ரசமாகவோ சுண்டலாகவோ சாப்பிடுங்கள். கொழுப்பைக் கரைக்கிற சக்தி அதற்கோ, வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்ததற்கோ, கிரீன் டீக்கோ கிடையாது.

பரோட்டாவை மறந்துவிட வேண்டியதுதானா?

மதுரையில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு கட்டளை போட்டால் யார் கேட்பார்கள்? ஆனால் அதை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். மாஸ்டர் மைதா உருண்டைகளை எண்ணெயில் ஊற வைத்திருக்கிறார். எண்ணெய் தடவிய பலகையில் வீசுகிறார். சுருட்டும்போது இன்னொரு கை எண்ணெய். கல்லில் போட்டபின் சுற்றிலும் எண்ணெய். பன் பரோட்டா என்றால் எண்ணெய்க் குளத்திலேயே வேகிறது. சாதாரணப் பரோட்டா ஒன்று அளவைப் பொறுத்து 250 முதல் 300 கலோரி வரை போகும். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சேர்ந்தால் 600-க்குக் குறையாது. அதில் காய் இல்லை, நார் இல்லை, புரதமும் சொற்பம்.

என் யோசனை: வாரத்தில் ஒரு நாள், பிடித்த கடையில், பிடித்தவர்களோடு. ஒரு பரோட்டா, ஒரு முட்டை வழியல், நிறைய வெங்காயம். தினமும் இரவு வீட்டில் சமைக்கச் சோம்பல்பட்டுப் பார்சல் வாங்குவதுதான் எடை ஏற்றுகிறது. அந்தப் பார்சல் பரோட்டாவில் ருசிகூடக் கிடையாது. ஆறி வார் மாதிரி இழுக்கும்.

நேரத்துக்கும் பங்குண்டு. ஊர் தூங்காது, அதனால் நாமும் பதினொரு மணிக்குச் சாப்பிடுகிறோம். அமெரிக்காவில் எடை அதிகமுள்ள 16 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். அதே உணவையே நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது அவர்களுக்குப் பசி கூடியது, உடம்பு செலவழிக்கும் சக்தி குறைந்தது. சின்னச் சோதனைதான், ஆனாலும் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பதில் நட்டமில்லை. கடை அடைத்துப் பத்து மணிக்கு வீடு திரும்புகிறவரா நீங்கள்? மாலை ஆறரைக்கு நிறைவாக ஏதாவது (இரண்டு முட்டை, சுண்டல், இட்லி) சாப்பிட்டுவிடுங்கள். இரவில் வீட்டுக்கு வந்து ஒரு தம்ளர் மோரோ பாலோ போதும்.

குடிப்பதில் என்ன இருக்கப் போகிறது?

பலருக்கு மர்மம் இங்கேதான் இருக்கிறது. நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எட்டு ஸ்பூன், ஏறக்குறைய 40 கிராம். சர்க்கரை மட்டுமே 160 கலோரி. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. “சீனி கம்மி” என்று சொல்லத் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் பழைய டீ திகட்டும்.

ஜிகர்தண்டா குளிர்ச்சிதானே என்று கேட்பவர்கள் உண்டு. சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். அது பாயசத்தின் தம்பி. தாகத்துக்கு மோரும் தண்ணீரும் இளநீரும் இருக்கின்றன. ஜிகர்தண்டாவை இனிப்புக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பழச்சாறும் அப்படியே. கொய்யாவைக் கடித்துச் சாப்பிட்டால் ஒன்றில் வயிறு நிறையும். சாறாகப் பிழிந்தால் நாலு பழமும் மூன்று ஸ்பூன் சீனியும் ஒரே மூச்சில் இறங்கும்.

எண்ணெய்க்கு ஒரு சுலபக் கணக்கு சொல்கிறேன். ஆளுக்கு நாளைக்கு 27 கிராம் என்றால் நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர், நெய்யும் சேர்த்து. உங்கள் மளிகைச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். ஆறு லிட்டர் என்று இருந்தால் வேறு எந்த ரகசியமும் தேட வேண்டாம். செக்கு நல்லெண்ணெய் என்பதால் சலுகை இல்லை. எல்லா எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான்.

சீக்கிரம் குறைக்க வழியே இல்லையா?

இருக்கிறது என்று சொல்லும் வீடியோக்கள் ஆயிரம். 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, உடல் எடை குறையும் என்று யூடியூபில் பார்த்ததை நம்பி நாட்டுமருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு இறந்துபோனார். வெங்காரம் உள்ளுக்குச் சாப்பிடும் பொருளே அல்ல. வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. கடையில் சும்மா கேட்டாலே கிடைக்கிறது என்பதால் ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. வீட்டில் வயதுப் பிள்ளைகள் இருந்தால், உடம்பைக் கேலி செய்வதை நிறுத்துங்கள். இப்படிப்பட்ட பொடிகளின் பக்கம் பிள்ளைகளைத் தள்ளுவது பல நேரம் வீட்டுக்குள் நடக்கும் அந்தக் கேலிதான்.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே எந்த உணவு முறையும் போகக் கூடாது என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இலக்கும் பெரிதாக வேண்டாம். 80 கிலோ உள்ளவர் நாலைந்து கிலோ குறைத்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும்.

நடந்தால் போதுமா?

எடை குறைக்க மட்டும் என்றால், நடை தனியாகப் போதாது. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 120 முதல் 150 கலோரி செலவாகும். முடித்துவிட்டு வாசலில் இரண்டு வடையும் டீயும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும், சில நாள் மிஞ்சவும் செய்யும்.

அப்படியானால் ஏன் நடக்க வேண்டும்? இதற்கு நல்ல பதில் சென்னையிலிருந்து வந்தது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 531 பேரைப் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவு மாற்றமும் தினம் அரை மணி நடையும் கடைப்பிடித்த பிரிவில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்களின் எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. எடை மெஷின் முள் நகராவிட்டாலும் உடம்புக்குள் நல்லது நடக்கிறது. முதல் மாதத்தில் முள் அசையவில்லை என்று நடையை நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குறைத்த எடை திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பதிலும் நடைதான் பெரிய துணை.

எவ்வளவு? வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி. வேகம் எப்படித் தெரியும்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டரைச் சுற்று அன்றைய பாடம். ரேஸ்கோர்ஸ் மைதானம், ராஜாஜி பூங்கா, திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதை எல்லாமே இருக்கின்றன. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை ஒதுக்கும் “நடப்போம் நலம் பெறுவோம்” திட்டத்தை அரசு 2023 நவம்பரில் தொடங்கியது. ஆனால் உங்களுக்கு மிக நல்ல இடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதுதான். வண்டி எடுத்துக்கொண்டு நடக்கப் போக வேண்டியிருந்தால் மழை நாளில் ஒரு சாக்கு, முகூர்த்த நாளில் இன்னொன்று.

வெயில்? மார்ச் முதல் ஜூன் வரை காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள்; இல்லையென்றால் மாலை ஆறரைக்குமேல். இந்த மாதங்களில் மதியம் நடக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் சாப்பிட்டபின் வீட்டுக்குள்ளேயே பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடக்கலாம். அதுவும் கணக்கில் சேரும், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் மட்டுப்படும்.

பெண்களுக்கு இருக்கும் சிக்கல் வேறு. “காலையில் ஆறு மணிக்கு நான் நடக்கப் போனால் சோறு யார் ஆக்குவது?” என்று கேட்கும் மதினிக்கு யூடியூப் பதில் சொல்வதில்லை. வீட்டு வேலையே உடற்பயிற்சி என்று சொல்லும் ஆண்களும் உண்டு. கிரைண்டரும் மிக்சியும் கேஸ் அடுப்பும் வந்தபின் அது பாதி உண்மைதான். நிற்பதால் கால் வலிக்கும், மூச்சு வாங்காது. சேலையோடு மொட்டைமாடியில் நடக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்ந்து தெருவில் நடக்கலாம். ஆனால் உண்மையான தீர்வு, அந்த அரை மணி நேரம் அடுப்படியை வேறொருவர் பார்த்துக்கொள்வது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் அண்ணன்மார்களே, அது நீங்கள்தான்.

நடையோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். ஜிம் கட்டாயமில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தண்டால் எடுங்கள். இரண்டு தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி இறக்குங்கள். நாற்பதுக்கு மேல் தசை கரைந்துகொண்டே போகும். சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். பிறகு எடை திரும்பும்போது வருவது பெரும்பாலும் கொழுப்பு.

மூன்று மாதம் நன்றாகக் குறைந்தது, இப்போது நின்றுவிட்டதே?

நிற்கும். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது. பட்டினிக்குப் பயந்து உடம்பு சிக்கனம் பிடிக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தார்கள். 2016-இல் முடிவு வந்தது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. அவர்கள் உடம்பு நாளுக்கு எதிர்பார்த்ததைவிட 500 கலோரி குறைவாகச் செலவழித்துக்கொண்டிருந்தது. அதிரடியாகக் குறைப்பவர்கள் கட்டும் வட்டி அது.

நின்ற இடத்தில் பதறாமல் ஒரு மாதம் அதையே தொடருங்கள். இடுப்பளவு குறைகிறதா என்று பாருங்கள். ஏறாமல் நிற்பதே வெற்றி. பிறகு வேண்டுமானால் இன்னும் ஒன்றை மாற்றுங்கள்: இரண்டாவது டீயை, இரவுத் தோசையில் ஒன்றை.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு மாற்றமும் பழக்கமாக நாளாகும். லண்டனில் ஒரு ஆய்வு, புதுச் செயல் ஒன்று தன்னால் நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்றது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்வரை. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த செய்தி. எனவே தீபாவளிக்கு அதிரசம் தின்றுவிட்டோம், மொய் விருந்தில் பிரியாணி இரண்டு தரம் போனது என்று கலங்காதீர்கள். வருடத்தில் இருபது விருந்து யாரையும் குண்டாக்குவதில்லை. மற்ற நாட்களின் அளவுதான் இடுப்பை முடிவு செய்கிறது.

எடை குறைக்கும் ஊசி?

2025 முதல் நம் ஊர் டாக்டர்களும் எழுதித் தருகிறார்கள். பசியைக் குறைக்கும் மருந்துகள். உடற்பருமன் கடுமையாக உள்ளவர்களுக்கு உண்மையான உதவி. ஆனால் நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசி போடுகிறவருக்கும் மேலே சொன்ன தட்டும் நடையும் தேவை. மருந்துச் சீட்டு இல்லாமல் தெரிந்தவர் மூலம் வாங்கிப் போடாதீர்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

சாப்பாடு மாறாமலே எடை திடீரென ஏறினால் தைராய்டு பார்க்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் எடை கூடும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் அன்றே போக வேண்டும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் சமதளத்தில் நடக்கலாம், படிக்கட்டு வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைக்கும் முயற்சியில் இறங்கக் கூடாது.

நாற்பது வயதைத் தாண்டியும் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்ததே இல்லை என்றால் அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

கடைசியாக, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு. சோற்றைக் குறைத்து நடக்கவும் தொடங்கினால் பழைய அளவு மருந்தே உங்களுக்கு அதிகமாகிவிடலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டுவது வந்தால் சர்க்கரை கீழே போகிறது என்று அர்த்தம். உடனே மூன்று ஸ்பூன் சீனி கரைத்துக் குடியுங்கள். அதனால் தட்டை மாற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கப் போகும்போது சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.